நிலவியல் ஆய்வின் தலைவர் இருவர்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வகுத்து, அவ்வந்நிலத்து மக்களின் வாழ்வையும் ஒழுக்கத்தையும் அதனோடு பொருத்திக் கண்டவர் தமிழர். தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் இதனை அறிவர். ஆயினும், நிலத்தின் மேற்பரப்பை இவ்வளவு நுணுகி நோக்கிய மரபில் வந்த நாம், அதன் அடியில் கிடப்பதைப்பற்றி மாணவர்க்குச் சொல்லுவது மிகக் குறைவு. கம்போங் ராஜாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் நாள்தோறும் மிதித்து நடப்பது பெரும்பாலும் மக்கிய கருங்கல்லையே. அத்தகைய கல்லையும் மண்ணையும் படித்தறிய அரசாங்கம் ஆள் அமர்த்திய வரலாறும், அப்பணியில் ஒரு தமிழர் மகன் இலங்கையில் பெற்ற இடமும் நாம் அறியத்தக்கவை.

நமது மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஓர் அரசாங்க நில அளவையாளர். அவர் 1885இல் இப்பகுதியை ஆராய்ந்து, மென்சரிவான மேட்டுநிலம் ஒன்று இங்குண்டு என அறிவித்தார். ஆனால் அதன் இடத்தை நிலப்படத்தில் தெளிவாகக் குறிக்கவில்லை. அதனால் அந்நிலம் எங்கேயுள்ளது என்னும் ஐயம் பல்லாண்டு நீடித்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே இங்கு மலைவாசத்தலம் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. கண்டதைக் குறித்துவைக்காவிடில் கண்டதன் பயன் பிறர்க்குச் சேராது என்பதற்கு நம் மலையே சான்று.

குறித்துவைக்கும் இவ்வேலையையே ஒரு துறையாக அரசாங்கம் ஏற்ற ஆண்டு 1903. அக்காலத்தில் உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா அளித்துவந்தது. ஈய லம்பங்களில் உழைத்தவர் ஈயம் கிடைக்கும் இடத்தை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அது ஏன் அங்கே கிடக்கிறது என்பதை முறையாக ஆராயும் வேலை பெரிதும் எஞ்சியிருந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் முதல் நிலவியலாளராக ஜே. பி. ஸ்கிரிவனர் அவ்வாண்டில் நியமிக்கப்பெற்றார். பேராக்கிலுள்ள பத்து காஜா அவர் துறையின் தலைமையிடமாயிற்று.

ஈயத்தின் கதையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். நிலத்தின் ஆழத்தில் உருகியிருந்த குழம்பு ஆறிக் கருங்கல்லாக இறுகுங்கால், அதிலிருந்து எழுந்த வெப்ப நீர்மங்கள் பாறை வெடிப்புகளிற் புகுந்து ஈயத்தாதுவைப் படியவைத்தன. பின்னர் மலை மக்கிற்று, மழை அரித்தது, இலேசான மணலை ஆறு தொலைவுக்குக் கொண்டுசெல்ல, கனத்த ஈயத்தாது பள்ளத்தாக்கிலே தங்கிற்று. தூலாங் தட்டில் மண்ணை அலசிய பெண்கள் கையாண்டதும் இக்கன வேறுபாட்டையே.

ஸ்கிரிவனர் உலு பகாங்கின் நிலவியலையும் சுரங்கத் தொழில்களையும் பற்றி 1911இல் ஒரு நூலும், கிந்தா பள்ளத்தாக்கைப்பற்றி 1913இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். இவ்வளவு உழைத்த அறிஞர் ஒரு பெரிய செய்தியிற் பிழைபட்டார். கோப்பேங் வட்டாரத்தில் கற்கள் விரவிய களிமண்ணைக் கண்டு, அது பண்டைக்காலப் பனியாறுகள் கொணர்ந்து கொட்டியது என முடிவுசெய்தார். இதனை வெறும் ஏட்டு வழக்கு என்று ஒதுக்குதல் இயலாது. ஈயம் வேறெங்கோ மறைந்துபோன பழைய மலையிலிருந்து வந்ததாயின் தேடுவோர் ஒருவகையில் தேடவேண்டும். அருகிலுள்ள கருங்கல்லிலிருந்தே வந்ததாயின் வேறுவகையில் தேடவேண்டும். எனவே, தலைவரின் முடிவு லம்பக்காரரின் பணப்பையைத் தொடுவதாயிற்று.

அவரோடு பணிசெய்த டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் அக்கருத்தை மறுத்தார். அவரது ஆய்வுரை 1917இல் வெளிவந்தது. பிற்கால ஆய்வும் பனியாற்றுக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் நாம் வியக்கத்தக்கது பிறிதொன்று. தென் பேராக், வட சிலாங்கூர் பகுதிகளின் நிலவியல் பற்றி 1919இல் வெளியான நூலின் ஆசிரியர்கள் ஸ்கிரிவனரும் ஜோன்சும்! மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் ஒரே நூலில் பெயர் பொறித்தனர்.

இனி, கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். அதே 1903ஆம் ஆண்டில் அங்கே கனிம ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்றவர் ஆனந்த குமாரசுவாமி. சிற்பக்கலையையும் நடராசர் திருவுருவின் பொருளையும் உலகுக்கு விளக்கிய அறிஞராகவே நாம் அவரை அறிவோம். அவர் முதலில் கல்லை ஆராய்ந்தார், பின்னரே சிலையை ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார். சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கில அன்னைக்கும் 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்றவர். தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்தையொட்டியே இருந்தது.

செரண்டிபைட் என்னும் புதிய கனிமத்தை அவர் மற்றொரு அறிஞரோடு சேர்ந்து 1903இல் விவரித்தார். இலங்கையின் பழம்பெயராகிய செரண்டிப் என்பதே அதன் பெயராயிற்று. அடுத்த ஆண்டு, சபரகமுவையிற் கிடைத்த கரிய, கனத்த கனிமம் ஒன்றை அவர் யுரேனினைட் என்று கருதினார். இலண்டனில் அதனைப் பகுத்தாய்ந்த விந்தம் டன்ஸ்டன், அதில் தோரியமே மிகுந்திருப்பதைக் கண்டு, புதிய கனிமம் எனத் துணிந்து, தோரியனைட் எனப் பெயரிட்டார்.

தோரியம் நமக்கு அயலானதன்று. திருவிழா இரவுகளில் தோட்டத்து மக்கள் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெண்ணிறமாகச் சுடர்ந்த மாண்டில் பெரும்பாலும் தோரிய ஆக்சைடால் ஆனதே. மேலும், ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஹான், இராம்சேயின் இலண்டன் ஆய்வுக்கூடத்தில் இலங்கைத் தோரியனைட்டை ஆராய்ந்தபோதே ரேடியோதோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருளை 1905இல் கண்டறிந்தார். ஒரு சிறு தீவின் ஆய்வுத் துறை அனுப்பிய கல் உலக விஞ்ஞானத்துக்கு வழிதிறந்தது.

குமாரசுவாமி 1906இல் அப்பணியை முடித்தார். கல் தேடி நாட்டுப்புறங்களில் அலைந்த காலத்திலேயே கைவினைஞரின் தொழிலையும் கூர்ந்து நோக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது.

இவ்விரு தலைவரும் ஒவ்வோரிடத்துப் பிழைபட்டனர். எனினும் அப்பிழை நாட்டைக் கெடுக்கவில்லை. என்ன காரணம்? எங்கே எடுத்தது, எவ்வாறு தோன்றிற்று, எதனால் இம்முடிவு என்பதையெல்லாம் அவர்கள் மறைக்காது எழுதிவைத்தனர். மாதிரியைப் பிறர் கையிற் கொடுத்தனர். ஆகவே அடுத்தவர் திருத்த முடிந்தது. கனிமம் தேடுவோர்க்கு அரசாங்க ஆய்வு அளிக்கும் பெருந்துணை புதையல் இருக்குமிடத்தைச் சொல்வதன்று. எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க பதிவைத் தருவதேயாம். இன்ன இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுவதும் அப்பதிவில் அடங்கும்.

இன்று இதன் தேவை குறையவில்லை; மிகுந்துள்ளது. மலேசியாவின் நிலவியல் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் ஒன்றாக்கப்பட்டன. ஈயத்தின் காலம் தளர்ந்தபின், மக்கிய கருங்கல்லின் களிமண்ணில் அருமண் தனிமங்களைத் தேடுகின்றனர். மலைச்சரிவைத் தோண்டினால் செல்வம் வரலாம், சேறும் வரலாம். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று அஞ்சாது சொல்லும் ஆய்வாளர் வேண்டும். சரிவின் அடியில் குடியிருப்போர் நம்மவர் அல்லரோ!

சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் ஓடையிலிருந்து கரிய கல்லொன்றைக் கொணர்ந்தான். அதனை ஈயத்தாது என்று வகுப்பிலே பெருமையோடு சொன்னேன். மறுநாள் அவன், “ஐயா, ஈயம் கனக்கும் என்றீர்களே, இது கனக்கவில்லையே” என்றான். எடை பார்த்தோம், நீரில் அமிழ்த்தியும் பார்த்தோம். ஈயத்தாது அதே அளவு நீரைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனக்கும். எங்கள் கல் மூன்று மடங்கே கனத்தது. அது டூர்மலின் என்னும் கனிமம். என் பிழையைக் கரும்பலகையில் எழுதித் திருத்தினேன்.

அக்கல் இன்றும் பள்ளியில் இருக்கிறது. எடுத்த இடம், எடுத்த நாள், முதலிற் சொன்ன பெயர், திருத்திய பெயர் ஆகிய நான்கும் அதன் சீட்டில் உள்ளன. ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் இத்தகைய பத்துக் கற்களேனும் சீட்டோடு இருத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆசிரியர் தம் முதற்பெயரை அடித்து எழுதக் கூசாதிருந்தாற் போதும்.