சுமை மாறும் துறை: ஒஷாவாவின் வேட்டைப் பொதியும் தமிழர் சுமைமரபும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கரையில் அமைந்த நகரம் ஒஷாவா. இன்று அது மோட்டார் வாகனத் தொழிலால் அறியப்படுகிறது. ஆனால் அதன் பெயர், சக்கரம் புழங்காத காலத்துப் போக்குவரத்தைச் சுட்டுவது. ஸ்கேஸ் கார்னர்ஸ் என வழங்கிய குடியிருப்பு, 1842இல் அஞ்சலகம் அமைந்தபோது ஒஷாவா ஆயிற்று. ‘கடத்தல்’ என்னும் பொருள்தரும் ஓஜிப்வே மொழிச் சொல்லே இதன் மூலம் என்பர். ஓடத்தை விட்டிறங்கி நடைபாதையில் ஏறும் இடம் என உள்ளூர் மரபு அதற்கு விளக்கம் தருகிறது. ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஸ்கூகொக் ஏரிக்குச் சென்ற அந்த நடைபாதை மிசிசாகா மக்களின் வேட்டை வழியாகவும் வாணிக வழியாகவும் விளங்கியது. இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில், நீர் சுமந்த பொருளை இனி மனித உடல் சுமக்க வேண்டும். தமிழில் பெயர்த்துரைப்பின் ஒஷாவாவைச் ‘சுமை மாறும் துறை’ எனலாம்.

இத்தகைய வழிகளில் சுமை ஏறிய இடம் தோளன்று, தலை. அகன்ற தோற்பட்டை ஒன்று உச்சிக்குச் சற்று முன்னே, மயிர்க்கோட்டின் மேல் படியும். அதன் இரு வார்களும் பின்னே இறங்கிப் பொதியைக் கட்டியிருக்கும். பொதி இடுப்புக்கு மேல் முதுகின் குழிவில் அமரும். சுமப்பவர் முன்சாய்ந்து நடக்கும்போது பாரம் கழுத்தெலும்பின் வழியே தண்டுவடத்தில் நேராக இறங்குகிறது. கைகள் இரண்டும் விடுபட்டிருக்கும். கால் இடறினால் தலையை ஒருமுறை உதறிப் பொதியைக் கழற்றிவிடலாம். தோள்வார் அணிந்தவருக்கு இந்த வசதி இல்லை. மொன்றியலிலிருந்து மேற்கே சென்ற மென்மயிர் வாணிக ஓடக்காரர்கள் 90 இறாத்தல் எடையுள்ள பொதிகள் இரண்டை ஒரே நடையில் இவ்வாறு சுமந்தது வழக்கம். ஏறத்தாழ 82 கிலோ. அவர்கள் நடைவழியின் நீளத்தை மைலில் அளந்ததைவிட, சுமையை இறக்கி வைக்கும் இடங்களின் எண்ணிக்கையாலேயே மிகுதியும் அளந்தனர். அவ்விடத்துக்குப் பிரெஞ்சு மொழியில் ‘போஸ்’, அதாவது ‘வைப்பு’ என்று பெயர். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு எத்தனை வைப்பு என்பதே விடை.

தமிழ் நிலத்தில் சுமையின் சொல்வளம் வேறு உறுப்புகளைச் சுற்றி வளர்ந்தது. சும்மாடு தலைக்குரியது, காவடியும் காத்தண்டும் தோளுக்குரியன. காவுதல் என்னும் வினை புறநானூற்று 206ஆம் பாட்டிலேயே ஔவையார் வாக்காக வருகிறது. அதே பாட்டில் வரும் கலப்பை உழுபடையன்று. பாணர் கூட்டத்தார் தம் கலங்களை இட்டுக் கட்டிய பை. கையிருப்பைச் சுருக்கிப் பையிலிட்டுத் தோளில் ஏற்றிப் புறப்படும் செயலுக்கு இதனினும் பழைய தமிழ்ச் சொற்களைத் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தமிழில் ‘காவிக்கொண்டு போதல்’ இன்றும் அன்றாட வழக்கு. தண்டு மறைந்தது, வினை நின்றது. முதுகோ பெரும்பாலும் விலங்குக்கு விடப்பட்டது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி ஏறுவது கழுதையின் முதுகில்.

தலைச்சுமைக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. கனத்த சுமையைத் தனியொருவர் தம் தலையில் ஏற்றிக்கொள்வது அரிது, இறக்குவதும் அவ்வாறே. ‘ஒரு கை பிடியுங்கள்’ என்று வழிப்போக்கரை வேண்டுவது தமிழக ஒற்றையடிப் பாதைகளின் இயல்பான உரையாடல். அவ்விரண்டாம் ஆளின் இடத்தைக் கல் நிரப்பியதே சுமைதாங்கி. செங்குத்தான இரு கற்களின் மீது, நெஞ்சளவிலோ தோளளவிலோ கிடைக்கல் ஒன்று. குனியாமல் சுமையை நகர்த்தி வைத்து, இளைப்பாறி, மீண்டும் தலையை அடியில் கொடுத்து எழலாம். கருவுற்ற நிலையில் பிள்ளைப் பேறின்றி இறந்த பெண்ணின் நினைவாக இக்கல் நாட்டும் வழக்கம், அவள் இறக்காத சுமையை வழிநடப்போர் இறக்குவதாகக் கருதியது. கனடிய ‘வைப்பு’ வெறும் தரை. அதற்குக் கல் தேவைப்படவில்லை. முதுகுப்பொதியின் முன் அமர்ந்து பட்டையைத் தலையில் மாட்டி ஒருவர் தாமே எழலாம் என்பதே காரணம். சுமைக்கருவியின் வேறுபாட்டைத் தூக்கும் முறையில் மட்டும் தேடுவது போதாது. இறக்கும் முறையே வழியோர அமைப்பையும், ஓரளவு வழியோர அறத்தையும் தீர்மானித்திருக்கிறது.

இவ்விரு மரபுகளும் ஒரே உடலில் சந்தித்த களம் இலங்கை மலையகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே தலைச்சுமையோடு நடந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கொழுந்து பறிப்பவருக்குச் சரிவில் நிற்கக் காலும், பறிக்க இரு கையும் வேண்டும். எனவே கூடை முதுகுக்குப் போயிற்று. கயிறு தலையில் நின்றது. ஒஷாவாப் பாதையின் தோற்பட்டைக்கும் இக்கயிற்றுக்கும் பொறியியல் ஒன்றே. நிகழ்ந்த சூழல் வேறு. மிசிசாகா வேட்டைக்காரர் தம் பட்டையைத் தாமே செய்து, தம் பொருளைத் தாமே சுமந்தார். தோட்டத்துப் பெண் சுமந்தது நிறுவைக்குரிய கொழுந்து. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை பறித்தாலே முழு நாட்கூலி. ஒரே நடையில் அவ்வளவும் முதுகில் ஏறுவதில்லை, இடையிடையே நிறுவை உண்டு. ஆயினும் பச்சைக் கொழுந்தின் ஈரமும் மழையும் கூடையோடு சேர்ந்தே சுமக்கப்பட்டன.

வட அமெரிக்காவில் பொதியின் அடுத்த மாற்றங்கள் தொடர்ந்து பதிவாகியுள்ளன. 1882இல் மினசோட்டாவின் டுலூத் நகரத்துக் கமில் புவாரியே, தலைப்பட்டையோடு தோள்வாரையும் சேர்த்த துணிப்பொதிக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் லாயிட் நெல்சன், அலாஸ்காவின் பூர்வகுடியினர் பயன்படுத்திய சட்டத்தைக் கண்டு, மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய ‘டிராப்பர் நெல்சன்’ பொதியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் டிக் கெல்டி அலுமினியச் சட்டத்தையும் இடுப்புப் பட்டையையும் இணைத்தார். பாரத்தின் பெரும்பகுதி தலையையும் தோளையும் விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கியது. சட்டத்தைப் புதுமை எனல் பொருந்தாது: ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித உடலோடு வளைத்த மரச்சட்டம் ஒன்றும் கிடைத்தது, அதை முதுகுப்பொதியின் சட்டமெனப் பலர் கருதுவர்.

இன்று ஒஷாவாவிலிருந்து வடக்கே வேட்டைக்குச் செல்பவர் பொதியைத் தேர்வதில் சட்டமும் தலையிடுகிறது. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உண்ணத்தகும் இறைச்சியைக் காட்டில் கைவிடுவதும் கெடவிடுவதும் குற்றம். முதிர்ந்த ஆண் மூஸ் மான் 400 கிலோவைத் தாண்டக்கூடியது. ஆகவே சுடுவதற்கு முன்பே சுமப்பதை எண்ண வேண்டும்: எத்தனை நடை, எவ்வளவு தூரம், எத்தனை பேர். பையின் கொள்ளளவைவிடச் சட்டத்தின் உறுதியே முதன்மை. பையையும் சட்டத்தையும் பிரித்து இடையே இறைச்சியைக் கட்டும் அமைப்பு சிறந்தது. பாரம் முதுகை ஒட்டி நிற்பதோடு பையும் குருதி படாமல் தப்பும். சட்டத்தின் நீளம் ஆளின் உயரத்துக்கன்று, கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரையுள்ள முதுகின் நீளத்துக்கே பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் இடுப்புப் பட்டை வயிற்றை இறுக்கும், பாரம் மீண்டும் தோளுக்கே ஏறும். துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் மேலாடையில் 2,580 சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் செம்மஞ்சள் நிறம் எப்பக்கமும் தெரிய வேண்டும் என்பதும் விதி. பெரிய பொதி முதுகின் நிறத்தை மறைக்குமாதலால், பொதியின் மீதும் அந்நிறத் துணி போர்த்துதல் அறிவுடைமை.

1983க்குப் பின் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் குடியேறிய ஈழத்தமிழர் பின்னர்க் கிழக்கே ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா வரை பரவினர். அவர்கள் பிள்ளைகளின் பள்ளிப் பொதிக்குக் கிடைத்த ‘முதுகுப்பை’ என்னும் சொல்லே இவ்வேட்டைக் கருவிக்கும் வழங்குகிறது. சட்டத்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் இறைச்சித் தட்டுக்கும் தனிச்சொற்கள் நிலைபெறவில்லை. மலையகத்தில் நிலைமை வேறு வகையானது. தலைக்கயிற்றுச் சுமையை ஒன்றரை நூற்றாண்டாக அறிந்த ஒரு தமிழ்ச் சமூகம் அங்குண்டு. பல தோட்டங்களில் மூங்கிற் கூடையின் இடத்தில் நைலான் பை வந்திருக்கிறது. இடுப்புப் பட்டை பரவவில்லை. அதே நாடா தலையில்தான் மாட்டப்படுகிறது.