பச்சைப் பிம்பம்: கேமராவின் விலையும் கருத்த உடலும்

தமிழ்ச் சூழலில் சினிமா பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பிம்பம், பார்வை, உடல், அதிகாரம் என்று பேசுகிற நாம், அந்தப் பிம்பம் பதிவாகும் பெட்டியின் விலையைப் பற்றியோ அதற்குள் எழுதிவைக்கப்பட்டிருக்கும் கட்டளைகளைப் பற்றியோ பேசுவதில்லை. அதெல்லாம் டெக்னீஷியன் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எதைப் பதிவுசெய்வது, எதைக் கழித்துக்கட்டுவது என்பதைக் கேமராவைப் பிடிப்பவருக்கு முன்பே கம்பெனி முடிவுசெய்துவிடுகிறது என்றால், அது எப்படி வெறும் டெக்னீஷியன் சமாச்சாரமாக இருக்க முடியும்?

பொங்கல் கழித்து அலங்காநல்லூர் வாடிவாசலை எடுத்துக்கொள்வோம். வெயில் ஏற ஏற ஒரு பக்கம் வெள்ளையடித்த சுவர் கண்ணைப் பறிக்கும். மறுபக்கம் கேலரியின் நிழல். நடுவே கருத்த காளை, அதன் திமிலில் தொங்கும் கருத்த உடம்பு. மலிவான கேமராவில் எடுத்த சாதாரண வீடியோவில் சுவர் வெளுத்துப்போகிறது; காளையும் ஆளும் ஒரே கருப்புத் திட்டாகிவிடுகிறார்கள். அப்புறம் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் முகம் வருவதில்லை. சதுரம் சதுரமாகச் சேறுதான் வருகிறது.

இது புதிய கதை அல்ல. வண்ணப் படச்சுருள் காலத்தில், அச்சில் நிறம் சரிதானா என்று பார்க்க கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த தோலின் பேதங்கள் அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றன. மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் குறை சொன்னது பழுப்பு நிறங்களின் பக்கம் கம்பெனியின் கவனத்தைத் திருப்பியதை லோர்னா ரோத் 2009இல் எழுதிய கட்டுரை விவரிக்கிறது.

நம் பக்கத்து வரலாறு விலையின் வரலாறாகவும் இருக்கிறது. 'வாடிவாசல்' (1959) எழுதிய சி.சு.செல்லப்பா ஜல்லிக்கட்டைத் தானே புகைப்படமும் எடுத்தவர். ஆனால் அசையும் படம் எழுத்தாளனின் கைக்காசுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. 16 எம்எம் சுருள் 400 அடி ஓடினால் 11 நிமிடம். பிறகு அதைக் கழுவ வேண்டும், பிரதி போட வேண்டும். 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், பிற்பாடு கேரளத்தில் ஒடேஸா குழுவோடு மக்களிடம் சில்லறை திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தது இந்தச் சுவரில் ஓட்டை போடத்தான். சுவர் இடிந்தது வீடியோ மலிந்த பிறகு. மதுரையில் 1998இலிருந்து ஆவணப்பட விழா நடந்தது. துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் அன்றாடத்தை அமுதன் ஆர்.பி. 'பீ' (2003) என்று படமாக்கினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தது. கேமரா கை மாறிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருந்த கட்டளை மாறவில்லை.

2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. ஸ்டில் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ. கோடம்பாக்கம்கூட ஸ்டில் கேமராவைத் தூக்கியது; பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) அப்படி எடுத்த படம்தான். இந்தக் கேமராவின் சென்சார் தரும் கணக்கு 14 பிட். அதாவது ஒளியை 16,384 படிகளாகப் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் வீடியோவாக எழுதும்போது அது 8 பிட்டாக, 256 படிகளாகக் குறைகிறது. பிறகு இன்னொரு முறை நசுக்கப்படுகிறது. நிழலில் இருக்கும் நுட்பங்கள்தான் இதில் முதலில் பலியாகின்றன.

2009இல் டிராமல் ஹட்சன் என்ற அமெரிக்கர் இந்தக் கேமராவுக்காக 'மேஜிக் லாண்டர்ன்' என்ற உள்மென்பொருளை எழுதி வெளியிட்டார். ஒலி அளவைக் கையால் கட்டுப்படுத்துவது போன்ற சின்னத் தேவைகளுக்காகத் தொடங்கியது அது. கம்பெனியின் ஃபர்ம்வேரை அழிக்காமல், மெமரி கார்டிலிருந்து ஏறி அதன் கூடவே ஓடும். மூலநிரல் திறந்து கிடந்ததால் பல நாட்டுக்காரர்கள் கைவைத்தார்கள். 2013 மே மாதம், சென்சார் தருவதை நசுக்காமல் தொடர்ச்சியாகக் கார்டில் எழுதும் வழி பிறந்தது. 'ரா' வீடியோ என்கிறார்கள். பச்சைக் கறி என்கிறோமே, அந்த அர்த்தத்தில் பச்சை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது கேனான் 50டி. 2008இல் வந்த இந்தக் கேமராவில் வீடியோ வசதியே கிடையாது என்றது கம்பெனி. மேஜிக் லாண்டர்ன் ஏற்றியதும் அதே கேமரா பச்சை வீடியோ எடுத்தது. அப்படியானால் 'இதால் முடியாது' என்று அதன்மேல் எழுதப்பட்டிருந்தது இயலாமை அல்ல, அனுமதி இன்மை. விலைப் பட்டியலில் எந்தப் பெட்டி எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று வகுத்த ஏற்பாடு அது. நம் சமூகத்தில் யாரை எல்லாம் 'முடியாதவர்கள்' என்று சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியச் சிரமமில்லை.

ஆனால் பச்சை என்பது இலவசம் அல்ல. முழு எச்டியில் 14 பிட்டாக, வினாடிக்கு 24 பிம்பம் எழுத, வினாடிக்குச் சுமார் 87 எம்பி வேண்டும். 64 ஜிபி கார்டு 12 நிமிடத்தில் தீரும். பழைய 16 எம்எம் சுருளின் கணக்குக்கே கிட்டத்தட்டத் திரும்பிவிட்டோம். கேமராவில் மிச்சமான காசு கார்டுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் போகிறது. மலிவு என்பது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடைக்கு எதிராக 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் கூட்டம் திரண்டபோது வேலை செய்தது கைபேசிதான். ஜனவரி 23 அன்று சென்னையில் காவலர்களே வாகனத்துக்குத் தீ வைப்பதாகக் காட்டிய துண்டுப் படங்கள் எத்தனை பிட் என்று யாரும் கேட்கவில்லை. சாட்சியத்துக்கு வேகம் போதும். ஆனால் சாட்சியமாக மட்டும்தான் நம் ஆட்கள் படத்தில் வர வேண்டுமா? அடிபடும்போது மட்டும் தெரிகிற முகம், காளையோடு வரிசையில் காத்து நிற்கும்போதும் தெரிய வேண்டாமா? ஜல்லிக்கட்டில் எல்லோருக்கும் சமமான இடம் உண்டா, முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகளை எழுப்பவும் அந்த வரிசையில் நிற்கும் முகங்களை ஆற அமரப் பார்த்தாக வேண்டும்.

சரி, எதை வாங்குவது? காசு இருக்கிற குழு 5டி மார்க் 3 (2012) பார்க்கலாம். முழு எச்டி பச்சை வீடியோவுக்கு நிலையானது. கூட்டத்துக்குள் தனியாக நுழைபவருக்கு சின்னஞ்சிறு ஈஓஎஸ் எம் (2012) தோது. ஆனால் அதன் கார்டு வேகம் இயல்பாக வினாடிக்கு 40 எம்பி அளவில் நின்றுவிடுவதால் 720க்குத்தான் கணக்காகும். என் தேர்வு பழைய 50டி. உறுதியான உடம்பு, வேகமான காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. அகலம் முழு எச்டிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். மைக்கே கிடையாது, ஒலியைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். பழைய கேமராவுக்கு வாரண்டி போய்விடுமே என்ற பயம் மட்டும் வேண்டாம்.

ஒடேஸாக்காரர்கள் ஒரு படத்துக்காகக் காசு திரட்டினார்கள். நம் ஊர்க் குழுக்கள் திரட்ட வேண்டியது ஒரு கேமராவுக்கும் நான்கைந்து ஹார்டு டிஸ்க்குகளுக்கும். கேமராவுக்கு என்றால் கொடுக்கிறவர்கள் டிஸ்க்குக்கு என்றால் யோசிப்பார்கள். அவர்களிடம், கம்பெனி கழித்துக்கட்டுவதை எல்லாம் நாம் வைத்துக்கொள்ள இடம் வேண்டியிருக்கிறது என்று சொல்லலாம்.