நடந்து பார்க்க வரைந்த சுவர்

நம் பழைய சுவரோவியங்களைப் புகழ்கிறவர்கள்கூட, அவற்றில் ஆழம் இல்லை, எல்லாம் தட்டையாக இருக்கிறது என்று ஒரு குறையைச் சேர்த்தே சொல்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆழத்தை அளக்கும் அந்த அளவுகோலே வேறு ஊரில், வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸ் நகரின் புருனெல்லெஸ்கி, அங்குள்ள ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் தீட்டி, பலகையில் சிறு துளையிட்டார். பார்ப்பவர் பலகைக்குப் பின்னால் நின்று, துளையில் ஒற்றைக் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காண வேண்டும். தட்டையான பரப்பில் ஆழத்தைத் தோற்றுவிக்கும் பெர்ஸ்பெக்டிவ் முறையின் பலமும் நிபந்தனையும் அந்தத் துளையிலேயே இருக்கின்றன: கண் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ரோமின் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தில் ஆந்திரேயா போஸோ 1685இல் தட்டையான துணியில் ஒரு குவிமாடத்தையே வரைந்துவிட்டார். எங்கே நின்றால் அது குவிந்து தெரியும் என்பதற்குத் தரையில் வட்டக்கல் பதித்திருக்கிறார்கள். அதைவிட்டு விலகினால் குவிமாடம் கோணலாகிவிடும்.

தஞ்சையில் அப்படியொரு கல் பதிக்க இடமில்லை. கருவறையைச் சுற்றிவரும் உள்சுற்று குறுகலானது, சுவரோ உயரம். பின்வாங்கி நின்று முழுப் படத்தையும் பார்க்க வழியில்லை. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த இந்தச் சோழர் வண்ணங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் சிவனடியார் சுந்தரரின் கதையைப் பாருங்கள். கீழே திருமணத்தைத் தடுக்க ஓலையோடு வந்த முதியவரும் சபையாரும், மேலே வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் அவர் நண்பர் சேரமான் பெருமாளும் விரைகிறார்கள், உச்சியில் கயிலாயம். தொலைவு இங்கே உயரமாக மாறுகிறது. கூட்டத்தின் நெருக்கத்தை, ஓர் உருவம் இன்னொன்றைப் பாதி மறைப்பது சொல்கிறது. கன்னத்தின் திரட்சியைத் தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடே தருகிறது. இவற்றில் எதுவும் பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் குலையாது. நடந்துகொண்டே பார்க்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆழம் எது?

தெரியாததால்தான் செய்யவில்லை என்று சிலர் மறுக்கலாம். கணிதப்படி அமைந்த பெர்ஸ்பெக்டிவ் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இல்லாத ஒன்றை வைத்து, இருப்பதை மதிப்பிட முடியாது. இன்னொரு மறுப்பு வலுவானது: அஜந்தாவின் கூடங்கள் விசாலமானவை, அங்கும் ஒற்றைப் பார்வைப் புள்ளி இல்லையே? உண்மை. எனவே குறுகிய சுற்றுதான் இந்த முறையைப் பிறப்பித்தது என்று சொல்ல முடியாது. பழைய மரபு ஒன்று இந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது என்பதே சரி. அஜந்தாவிலும் கதைகள் சுவர் நெடுக ஓடுகின்றன. மண்டபங்களைச் சாய்கோணத்தில் காட்டி, உள்ளே இருப்பவர்களுக்கு இடம் உண்டாக்கியிருக்கிறார்கள். அங்கும் கண் நகர்ந்தாக வேண்டும்.

பொதுமக்களுக்கு அந்த உள்சுற்றில் பொதுவாக அனுமதியில்லை. ஓவியங்களின் பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் நம் கைக்கு வருபவை நேர் எதிரே வைத்து எடுத்து, துண்டுதுண்டாக வெட்டிய புகைப்படங்கள்; அவற்றில் எந்த ஓவியமும் தட்டையாகத்தான் தெரியும். சுவரை ஒட்டி ஒருவர் நடக்கும் வேகத்தில், கீழிருந்து மேலாகக் கண் போகும் வழியில் அந்தச் சுற்று முழுவதையும் படம்பிடித்துத் தொல்லியல் துறை மக்களுக்குக் காட்ட வேண்டும்.