தொண்டர் என்னும் சொல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை அடையுமுன் உடையார்கட்டு என்னும் ஊர் வருகின்றது. ஊரின் பெயரைப் பிரித்தால் இரு சொற்கள் கிடைக்கின்றன. உடையார் என்பது ஒரு பதவி. ஆங்கிலேயர் ஆட்சியில் மணியகாரருக்குக் கீழும் விதானைமாருக்கு மேலுமாக அமைந்திருந்தது. கட்டு என்பதோ நீரைத் தடுத்து நிற்கும் அணை. ஏவுவார் ஒருவரும் மண் சுமப்பார் பலரும் இன்றிக் குளக்கட்டு எழுவதில்லை. மண் சுமந்த அப்பலரும் விரும்பி வந்தனரா, வருவிக்கப்பட்டனரா? தொண்டர் என்னும் சொல்லின் வரலாறும் இவ்வினாவைச் சுற்றியே செல்கின்றது.

இலங்கையில் பழங்காலத்து அரசர்க்குரிய கட்டாயப் பணிக்கு இராசகாரியம் என்று பெயர். யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் வாங்கிய வேலைக்கு ஊழியம் என்று பெயர். தவறினவர் தண்டம் இறுத்தனர். அந்த ஊழியத்திலிருந்து வந்த ஊழியர் என்னும் சொல்லை இன்று சம்பளம் பெறுவோர் தயக்கமின்றிச் சூடிக்கொள்கின்றனர். சொற்களுக்கும் பதவி உயர்வு உண்டு போலும்!

கோல்புறூக்கின் பரிந்துரைப்படி 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதரின் விடுதலைக்கு அது நன்று, குளங்களுக்கோ இடராயிற்று. குளக்கட்டிலே ஒவ்வொரு காணிக்காரருக்கும் ஒவ்வொரு பங்கு உண்டு. பத்துப் பேர் தத்தம் பங்கைத் திருத்தி, பதினோராமவர் வாளாவிருந்தால், மாரி வெள்ளம் அவருடைய பங்கைத்தான் உடைக்கும்; வயல் அழிவதோ பதினொரு பேருக்கும். இதனை உணர்ந்தே 1856 இல், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், நீர்ப்பாசனம் பற்றிய ஊர்வழக்கங்களுக்குச் சட்டத்தின் வலு மீண்டும் அளிக்கப்பட்டது. மனமுவந்து செய்தல் உயர்ந்ததே. ஆயினும் குளக்கட்டு அதனை மட்டும் நம்பி நிற்பதில்லை என்பதை வன்னிக் கமக்காரர் நன்கு அறிவர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தார் கூறும் ‘வொலண்டியர்’ என்பது இலத்தீன் மொழியில் விருப்பத்தைக் குறிக்கும் ‘வொலுந்தாசு’ என்பதன் வழிவந்தது. பிரெஞ்சு வழியாக 1600 ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தபோது, பிறர் வற்புறுத்தாமல் தானே படையிற் சேர்ந்த போர்வீரனையே அது சுட்டியது. நோயாளியைப் பேணுவோரும் பள்ளிக்கு உதவுவோரும் பின்னரே அப்பெயரைப் பெற்றனர். இலங்கையில் 1881 இல் அமைந்த தொண்டர் காலாட்படையும் அப்படைப்பொருளையே தாங்கி வந்தது.

தமிழ்ச் சொல் வந்த வழி முற்றிலும் வேறு. தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்ற பொருள் உண்டு. தொழும்பு என்பதும் அதன் இனம். விருப்பம் என்னும் கருத்தே அதில் இல்லை. அதனை மாற்றியவர்கள் பத்தி நெறியார். ஏழாம் நூற்றாண்டிலே திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயில் முன்றில்களிற் புல் செதுக்கினார். அவரை ஏவியவர் எவருமில்லை. சுந்தரர் கதை இன்னும் நுட்பமானது. திருமண நாளன்று முதியவர் ஒருவர் ஓலையைக் காட்டி, ‘நீ எனக்கு அடிமை’ என்று வழக்குரைக்கின்றார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலே மூல ஓலை வெளிப்பட்டு வழக்குத் தோற்றபின், வந்தவர் இறைவனே என்றறிந்து ஆட்படுகின்றார். முதலில் மறுத்து, பின் மனமுவந்து அடிமையான அவரே திருத்தொண்டத்தொகை பாடினார் என்பது எண்ணத்தக்கது. அடிமையைக் குறித்த சொல் அடியார்களின் பட்டமாயிற்று.

இடைக்காலத்திலே சிரமதானம் என்னும் புதுப்பெயரும் வந்து சேர்ந்தது. 1958 இல் ஏ. ரி. ஆரியரத்தின கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனதொழுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று தொடங்கிய பணி நாடெங்கும் பரவியது. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பது பொருள். தானத்துக்கு வரவுப் பதிவேடு வைத்து, வராதவர்க்குத் தண்டம் விதிக்கும் இடங்களில், பழைய இராசகாரியமே பெயர் மாறி வந்திருக்கின்றது எனலாம்.

இக்காலச் செய்தித்தாள்கள் தொண்டர் என்று மட்டும் எழுதாது, ‘தன்னார்வத் தொண்டர்’ என்று நீட்டி எழுதுகின்றன. அடைமொழி தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கின்றது. போர்க்காலத்தில் வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை மிகுந்தபோது, அவ்வூர் இளைஞரும் யுவதியரும் சிறு கொடுப்பனவுக்கும், கொடுப்பனவு இன்றியும் கற்பித்தனர். தொண்டர் ஆசிரியர் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். 2009 சனவரியில் போர் உடையார்கட்டையே சூழ்ந்தது. மக்கள் ஊரைவிட்டு நீங்கினர். மீள்குடியேற்றத்தின் பின்னரும் வடமாகாணப் பாடசாலைகளில் அப்பெயர் நீடித்தது. தொடக்கத்தில் அவர்கள் விரும்பியே வந்தனர். பின்னர், இவ்வளவு காலம் கற்பித்ததை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், நியமனமும் இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன. போகும் வழியற்றவரைத் தொண்டர் என்று அழைப்பது சொல்லை அதன் பழைய பொருளுக்கே இழுத்துச் செல்வதாகும். சிலர் நிரந்தர நியமனம் பெற்றனர். வேறு பலர் அதற்காக அலுவலக வாயில்களிற் காத்து நின்றனர். தம் பெயரின் முற்பாதி நீங்கி, ஆசிரியர் என்னும் பிற்பாதி மட்டும் நிற்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.