கரிசல் மானாவாரியும் கடலியலும்: வார மழைச் சராசரி குறித்து ஒரு மறுப்பு

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கோவில்பட்டியில் பதிவான மழை 53 செ.மீ. ஆண்டு முழுவதும் பெய்வதே 70 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும் ஊர் அது. இந்த ஒரு நாள் மழையை முப்பதாண்டுக் கணக்கில் சேர்த்தால், டிசம்பர் 17 முதல் 23 வரையிலான 51ஆம் வாரத்தின் சராசரி ஏறத்தாழ 18 மி.மீ. கூடிவிடும். வருங்காலத்தில் அந்த அட்டவணையைப் பார்ப்பவர், கரிசலில் மார்கழித் தொடக்கத்தில் பயிருக்கு உதவும் ஈரம் உண்டு என்று முடிவு கட்டக்கூடும். நடந்ததோ நேர்மாறு. அறுவடையை நெருங்கிய உளுந்தும் பாசியும் அந்த மழையில்தான் தண்ணீருக்குள் நின்றன. பயிரை அழித்த மழை, ஏட்டில் பயிருக்கு உகந்த மழையாகப் பதிவாகிறது.

இதைப் புள்ளியியலின் சிறு பிசகு என்று தள்ளிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கரிசல் வேளாண்மை குறித்த ஆய்வுகளில் வார மழைச் சராசரி வெறும் தகவலாக நிற்கவில்லை. விதைப்புக்கு உரிய வாரம், பயிர்த் தேர்வு, பயிரின் வயது மூன்றையும் நியாயப்படுத்தும் ஆதாரமாக அது இருக்கிறது. அந்த ஆதாரம் மழையை இடத்தின் குணமாகக் கொள்கிறது. கோவில்பட்டி வட்டார மழை இடத்தின் குணமன்று, கடலின் நிலை என்பது என் துணிபு. அப்படியானால் கடலியல் துறைமுகத்துக்கும் மீன்பிடிக்கும் மட்டும் உரிய படிப்பல்ல. மானாவாரிப் புஞ்சைக்கும் அதுவே அடிப்படை அறிவியல்.

கரிசலின் வறட்சியை விளக்க இதுவரை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களோடு நிறுத்திக்கொண்டனர்: மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவு, ஈரம் பட்டால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண். இரண்டும் உண்மை. ஆனால் மழை மறைவு, ஆனியிலும் ஆடியிலும் ஏன் மழை இல்லை என்பதைத்தான் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓர் ஆண்டு கொட்டுவதும் மறு ஆண்டு பொய்ப்பதும் ஏன் என்று அது சொல்லாது. மலையும் மண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. மாறாத ஒன்றைக் கொண்டு மாறும் ஒன்றை விளக்க முடியாது. இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலையும் குமரிக்கடலையும் கடந்து வரும் காற்றால் கிடைப்பது. மன்னார் வளைகுடாவின் கரை கோவில்பட்டிக்குக் கிழக்கே 50 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. இருந்தும் கரிசலைக் கடலுக்கு முதுகு காட்டிய உள்நாடாகவே எழுதிவந்திருக்கிறோம்.

இனி அட்டவணைக்கு வருவோம். அது எங்கே பயன்படுகிறது என்பதைக் களத்திலிருந்து பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். கரிசல் நனைந்துவிட்டால் ஏர் இறங்காது, டிராக்டரும் இறங்காது. பதம் வரக் காத்திருந்தால் பருவம் போய்விடும். ஆகவே சம்சாரி கோடை உழவு போட்டு, புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறார். இதுவே முன்பருவ விதைப்பு. சோள விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மேலாக நனைக்கும் தூறலில் அது முளைக்காது. அந்த ஆழம் வரை ஈரம் இறங்கும் மழைக்கே முளைவிடும். அதாவது விதை மண்ணுக்குள் இருந்துகொண்டே முதல் நனைமழையை எதிர்பார்க்கிறது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் எறும்பும் பூச்சியும் தின்றுவிடும். இடையில் ஓர் அரைகுறை மழை பெய்து பின் ஓய்ந்தால், முளைத்தது கருகி மறுவிதைப்புச் செலவு தலையில் விழும். எனவே எந்த வாரத்தில் விதைப்பது என்பது உண்மையில் ஒரு முன்கணிப்பு. அந்த முன்கணிப்புக்குத்தான் வார மழைச் சராசரி சான்றாகக் காட்டப்படுகிறது.

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவையோ நிகழ்தகவையோ கொண்டால் போதுமே என்பது இயல்பாக எழும் மறுப்பு. 2023 போன்ற ஒற்றைப் பெருமழையின் தாக்கத்தை அவை குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய் வேறு. நிகழ்தகவும் எல்லா ஆண்டுகளையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியே எடுக்கப்படுகிறது. அந்தச் சாக்குக்குள் ஒரே வகை ஆண்டுகள்தான் இருக்கின்றனவா என்பதே என் கேள்வி.

2015ஐயும் 2016ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2015இல் பசிபிக்கில் வலுத்த எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ இயல்பைவிட ஏறத்தாழ பாதி கூடுதலாகப் பெய்தது. 2016இல் நிலைமை தலைகீழ். நாடு தழுவிய தென்மேற்குப் பருவமழை இயல்பான அளவு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைவு. அந்த ஆண்டு பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்திருந்தது; இந்தியப் பெருங்கடலின் இருமுனை அலைவும் எதிர்மறை நிலையில் இருந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2023இல் மீண்டும் எல் நினோ, அதோடு நேர்மறை இருமுனை அலைவு. நாட்டின் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 94 விழுக்காடு. அந்த ஆகஸ்ட், 1901க்குப் பின் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். டிசம்பரில் கோவில்பட்டியின் கதை மேலே சொன்னது.

பொறிமுறை ஓரளவு தெரிந்ததுதான். எல் நினோ ஆண்டுகளிலும், சுமத்ராவை ஒட்டிய கடல் குளிர்ந்து மேற்கு இந்தியப் பெருங்கடல் சூடேறும் நேர்மறை அலைவு ஆண்டுகளிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பரப்பில் கிழக்குக் காற்று வலுக்கிறது; நீராவி நம் பக்கம் தள்ளப்படுகிறது. மறுதலை ஆண்டுகளில் மேகத்திரள் கிழக்கே ஒதுங்குகிறது. இருமுனை அலைவு தனி நிகழ்வாக அறிவியல் உலகில் அடையாளம் காணப்பட்டதே 1999இல்தான். அதற்கு முன் எழுதியவர்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது குறையாகாது. அதற்குப் பின்னும் கொள்ளாமல் இருப்பதே குறை. ‘எல் நினோ வந்தால் வறட்சி’ என்னும் அகில இந்திய வாய்பாடு நம் செய்தித்தாள்கள் வழியே கரிசலுக்கும் அப்படியே வந்து சேர்கிறது. கரிசலுக்கு அது பெரும்பாலும் தலைகீழான செய்தி.

நான்கைந்து ஆண்டுகளை எடுத்துக் காட்டி விதி வகுக்க முடியாது என்பதை அறிவேன். வாதத்துக்கு உண்மையான சோதனை 2021. பசிபிக்கில் லா நினா. இருமுனை அலைவு எதிர்மறை. கணக்குப்படி மழை பொய்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல். 2010உம் லா நினாவை மீறி நன்றாகப் பெய்த ஆண்டுதான். கடல்நிலையை நம்புவது வீண் என்பதற்கு இந்த ஆண்டுகளையே சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு இவை வேறொன்றைக் காட்டுகின்றன. 2021 நவம்பரில் வங்கக் கடலிலும் குமரிக்கடலிலும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகி நம் கரையை நோக்கி வந்தன. தொலைவில் உள்ள பசிபிக்கின் சாய்வை அருகில் உள்ள கடல் மீறியது. ஆக, 2021 உடைப்பது கடலுக்கும் மழைக்கும் உள்ள உறவை அல்ல. பசிபிக்கை மட்டும் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கையைத்தான். வங்கக் கடலின் மேற்பரப்பு வெப்பம், அதன் அடியில் தேங்கிய வெப்பத்தின் ஆழம், ஆற்று நன்னீர் மேலே படிந்து உருவாக்கும் மெல்லிய அடுக்கு ஆகியவற்றை மிதவைகளும் ஆர்கோ கருவிகளும் அளந்து தரும் காலம் இது. அந்தத் தரவை விதைப்பு வாரத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலைதான் மிச்சம்.

முயற்சியே இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பசிபிக் கடற்பரப்பு வெப்பத்தையும் தென் அலைவுக் குறியீட்டையும் கொண்டு மாவட்டவாரியாக வடகிழக்குப் பருவமழை முன்கணிப்பை வெளியிட்டு வருகிறது. உழவுத் துறையே கடலைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதில் கேட்கப்படுவது பசிபிக்கின் குரல் மட்டுமே. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் வடகிழக்குப் பருவ முன்னறிவிப்போ தென் தீபகற்பத்தின் ஐந்து உட்பிரிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தது. அது வெளியாகும் செப்டம்பர் இறுதியில் கரிசலில் விதை மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டு மறுப்புகளைச் சுருக்கமாகக் கடக்கலாம். எல் நினோவுக்கும் நம் மழைக்கும் உள்ள உறவு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வலுத்தும் தளர்ந்தும் வருகிறது என்பர். உண்மை. அளப்பதை நிறுத்தக்கூடாது என்பதற்கே அது காரணம். பருவ முன்கணிப்பால் சம்சாரிக்கு என்ன பயன் என்றும் கேட்பர். இந்த ஆண்டு நீண்ட வயதுப் பருத்தியா, குறுகிய வயது உளுந்தா, மக்காச்சோளத்துக்கு அடியுரம் எவ்வளவு என்று புரட்டாசியில் முடிவெடுப்பவரிடம் இதைக் கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. அத்தனை பழைய நிலையம் உள்ள இந்த வட்டாரத்தின் மழைப் பதிவேடுகளைக் கடல்நிலை வாரியாகப் பிரித்து, எல் நினோ ஆண்டுகளுக்கு ஒன்று, மறுதலை ஆண்டுகளுக்கு ஒன்று, இரண்டிலும் சேராதவற்றுக்கு ஒன்று எனத் தனித்தனி வார அட்டவணைகள் தயாரிக்கலாம். மூன்றிலும் விதைப்பு வாரம் ஒன்றாகவே வந்தால் என் வாதம் தோற்றது என்று கொள்ளலாம். அப்படி வரும் என்று நான் நம்பவில்லை. இதே மாவட்டத்தில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. 1989 வரை அதுவும் கோவில்பட்டி நிலையமும் ஒரே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. நிர்வாக வசதிக்காகப் பிரிந்த துறைகள் ஆய்வுப் பொருளிலும் பிரிந்து நிற்க வேண்டியதில்லை. மானாவாரி வேளாண்மைப் பாடத்திட்டத்தில் கடலியலுக்கு ஒரு தாளும், கடலியல் மாணவருக்குப் புரட்டாசியில் கரிசல் காட்டில் ஒரு களப்பணியும் அமைந்தால், அடுத்த தலைமுறை எழுதும் வார அட்டவணைக்கு மேலே ‘எந்தக் கடல்நிலையில்’ என்ற ஒரு வரி கூடுதலாக இருக்கும். அந்த வரி இல்லாத அட்டவணையை இனி விதைப்புக்குச் சான்றாக ஏற்கக்கூடாது.