அக்கரைச் சீமையின் தலைநகர்

நம் பாட்டனார் காலத்துத் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் 'அக்கரைச் சீமை' என்ற சொல் பெரும்பாலும் மலேயாவையே குறித்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் பேச்சு இனித்தது. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்கிக் கப்பலேறியவர்கள், பினாங்கில் இறங்கி இரப்பர்த் தோட்டங்களுக்கும் சாலை வேலைகளுக்கும் பிரிந்து சென்றனர். திறன்சாராத் தொழிலாளர் செல்வதை 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்தக் கங்காணி வழி திறந்தே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் சென்றுவரும் வாய்ப்புக் கிட்டியது. புறப்படுமுன் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சாமி, எங்கப்பாரு சயாம் ரயில் போடப் போனவரு. திரும்பவே இல்லை. அங்கே எங்கேயாச்சும் பேரு எழுதி வெச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வாங்க" என்றார். அவர் பால்மணம் மாறாப் பருவத்தில் தந்தை கப்பலேறியிருந்தார்.

கிள்ளான், கோம்பாக் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் என் நடை தொடங்கிற்று. கோலாலம்பூர் என்ற மலாய்ப் பெயருக்கே சேறு நிறைந்த கூடுதுறை என்பது பொருள். 1857இல் ஈயம் தேடி இவ்வழியே வந்த சீனத் தொழிலாளர் 87 பேரில் பெரும்பாலோர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பர். அந்தக் கூடுதுறையில் இன்று, 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் அமைதியாக நிற்கிறது.

அருகே 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாது மாளிகை. அதன் எதிரிலுள்ள திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரித்தானியக் கொடி இறங்கியது. மாளிகையின் குவிமாடங்களையும் வளைவுகளையும் கண்டபோது சென்னை உயர்நீதிமன்றம் நினைவுக்கு வந்தது. இந்தியாவில் வளர்ந்த கட்டடப் பாணி ஆட்சியாளரோடு கடல் கடந்திருந்தது. பாணியோடு பாட்டாளியும் கடந்தான்.

அவன் சுவடுகளும் நகரில் உண்டு. 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகாமாரியம்மன் கோவில். அவர் முயற்சியாலேயே வழிபாடு தொடங்கிய பத்துமலை. தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1910இல் உருவான புடு புனித அந்தோனியார் ஆலயம். புதுச்சேரியிலும் மலேயாவிலும் அக்காலத்தில் பணியாற்றியது பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையே. எனவே, கடல் கடந்த நம் மக்களுக்கு அந்த ஆலயமணி முற்றிலும் அந்நியமாக ஒலித்திராது.

1910இல் திறக்கப்பட்ட பழைய இரயில் நிலையத்தின் முன் நெடுநேரம் நின்றேன். வெண்ணிற மாடங்கள் அரண்மனையை ஒத்தவை. வரைந்தவர் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். ஆனால் மலேயாவின் தண்டவாளங்களுக்கு மண் வெட்டியும் சல்லி கொட்டியும் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். போர்க்காலத்தில் அதே தண்டவாளங்கள் வழியாகவே அவர்கள் வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரம் தமிழர் வேலை செய்தனர். வாந்திபேதியும் பசியும் அவர்களைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் வரிசையான கல்லறைகளில் துயில்கின்றனர். பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டோரம் புதைந்த தமிழர் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களை இரவில் பார்த்தேன். அழகுதான். ஆயினும் வெறுங்கையோடு திரும்புகிறோமே என்ற எண்ணம் அகலவில்லை.

ஊர் வந்ததும் மூதாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப நீங்களாச்சும் எழுதி வையுங்க சாமி" என்று தந்தையின் பெயரையும் ஊரையும் சொன்னார். என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு மனிதரின் பெயர் முதன்முறையாக ஏட்டிலேறியது போல் அவர் முகம் தெளிந்தது.

கல்வராயன் மலையிலிருந்து இன்றும் மக்கள் பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களுக்கு இறங்குகிறார்கள். நாளை அங்கெழும் மாளிகைகளைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அவர்களைப் பற்றி யார் சொல்வார்? அன்பர்களே, உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேளுங்கள்: யார் போனார், எந்த ஆண்டில், யார் திரும்பவில்லை? கேட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல் நாட்ட நம்மால் இயலாவிட்டாலும் பெயரையாவது காக்கலாம்.