பழவேற்காட்டில் ஓதிய வைராக்கியம்

"தத்துவநூல் நமக்கு எட்டாது" என்று நம்மவர் ஏட்டை மூடிவிடுவது கண்டு யாம் வருந்துவதுண்டு. நம் ஏரிக்கரையில் நிகழ்ந்ததொன்றைக் கேண்மின். 1630-களில் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் சமயகுருவாயிருந்த ஆபிரகாம் ரோஜர் வடமொழி அறியார். பத்மநாபர் என்னும் அந்தணர், பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும், பற்றொழித்தலைக் கூறும் வைராக்கிய சதகத்தையும் போர்த்துக்கேசிய மொழியில் அவருக்கு விரித்துரைத்தார். அம்மொழியோ இருவர்க்கும் தாய்மொழியன்று! ஒவ்வொரு சொல்லுக்கும் எத்துணைமுறை தடுமாறினரோ! சிருங்கார சதகத்தை மட்டும் பத்மநாபர் சொல்ல இசைந்திலர். அதுபற்றி யாமும் ஈண்டு விரிக்கோம். ரோஜர் 1649-இல் இறந்தார். 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்த அவர் நூலில் அவ்விரு சதகங்களும் ஒல்லாந்த மொழியில் உள்ளன. வடமொழிப் பாட்டு ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதலென்பர். யாப்பு அதில் இல்லை. பொருள் மட்டும் கடல் கடந்தது.